முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் அப்படி என்ன செய்தார்?

கேள்வி இது: "மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் இருந்ததே மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலேதான். அதுவும் தேர்தலில் நின்று ஜெயிக்கவில்லை, நியமன உறுப்பினர். தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947-ல்தான் வந்தது, அப்போது அவர் சபையிலேயே இல்லை. பிறகு எதற்காக இவ்வளவு கொண்டாட்டம்?"

கேள்வியில் உள்ள தகவல் எல்லாமே சரி. ஆனால் 1929-ல் நடந்த ஒரு விஷயம் இதில் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரை ஒரு சட்டமன்ற உறுப்பினராக எடைபோட முடியாது. மேடைப்பேச்சிலும் அது வருவதில்லை, பள்ளிக்கூடக் கட்டுரையிலும் வருவதில்லை. காரணம், அது மானிய நிலம், தீர்வை (நில வரி), ஊழியம் என்று வறட்டுத்தனமாக இருக்கும்.

முதலில் அவர் உள்ளே போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசிகள் வந்த இசை வேளாளர் குலத்தவர். (நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை. இதைச் சொன்னால்தான் நம்மூரில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.) ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்ப்பதற்குப் பெரிய எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. 1907-ல் சேர்ந்து 1912-ல் பட்டம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த முதல் பெண். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம், 1872-ஆம் வருடத்துச் சிவில் திருமணச் சட்டப்படி. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். அப்போது அவருக்கு வயது 27. அந்தக் காலத்து மயிலாப்பூரில் அந்த வயதுப் பெண் ஒருத்தி பேத்தியை எதிர்பார்க்கத் தொடங்கியிருப்பாள்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-லேயே வந்துவிட்டது. அதே விஷயத்தில் பம்பாய், வங்காளமெல்லாம் நமக்குப் பின்னால்தான். ஆனால் சொத்து இருப்பவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் பெண் வாக்காளர்கள் ரொம்பக் குறைவு. தேர்தலில் நிற்கும் உரிமை 1926-ல் கிடைத்தது. அந்த வருடம் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். (மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.) இனி நியமனம்தான் வழி என்று அடையாறில் இருந்த இந்திய மாதர் சங்கம் முடிவு செய்தது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் 1917-ல் தொடங்கிய சங்கம் அது. அவர்கள் கை காட்டியது முத்துலட்சுமியை. அவருக்கோ பெரிய ஆசையில்லை. லண்டனில் மேற்படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார், டாக்டர் தொழில் கெட்டுப்போகுமே என்ற கவலை. கடைசியில் ஒப்புக்கொண்டு கோட்டைக்குள் போனார். போன சில நாளிலேயே சபையின் துணைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பதவியில் உட்கார்ந்த உலகின் முதல் பெண் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அந்த "முதல்" கணக்குகளில் பெரிய ஈடுபாடு கிடையாது. உட்கார்ந்த பிறகு செய்த வேலை அதைவிடச் சுவாரசியமானது.

இப்போது அந்த மானிய நிலத்துக்கு வருகிறேன்.

பொட்டுக்கட்டு என்றால் கோயிலுக்குப் பெண்ணை நேர்ந்துவிடுவது, அது ஒரு கொடிய வழக்கம், அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஏன் ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக்கட்டச் சம்மதிக்கிறாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பக்தி ஒரு காரணம், வழக்கம் ஒரு காரணம். பல குடும்பங்களில் இவற்றைவிட அழுத்தமான காரணம் நிலம்.

ஒரு கோயிலில் ஆடவும் பாடவும் கும்பாரத்தி எடுக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊழியத்துக்குச் சம்பளமாகக் கோயில் கொஞ்சம் நிலம் விட்டிருக்கும். அதுதான் இனாம், மானியம் என்பதெல்லாம். சில இடங்களில் நிலமே அவள் அனுபவத்தில் இருக்கும், சில இடங்களில் நிலத்தின் தீர்வை மட்டும் அவளுக்கு வரும். எப்படியானாலும் நிபந்தனை ஒன்றுதான்: ஊழியம் நடக்கிற வரைக்கும் நிலம். அந்த அம்மாளுக்கு வயதாகிறது, முட்டி வலிக்கிறது, குரல் போய்விட்டது. வீட்டில் இன்னொருத்தி ஊழியத்துக்கு வராவிட்டால் நிலம் கோயிலுக்கே திரும்பிவிடும். வீட்டில் ஒன்பது வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். ஐந்தாறு பேர் சாப்பிடும் நெல் அந்த நிலத்திலிருந்துதான் வருகிறது. இந்த நிலையில் அந்தப் பாட்டி என்ன முடிவெடுப்பாள்?

சர்க்காரிடம் கேட்டபோதெல்லாம் வந்த பதில், ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்பதுதான். பொய்யும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபசாரத்துக்கு ஒப்படைப்பதைக் குற்றம் என்கின்றன. 1924-ல் அந்த வயது வரம்பை 18 ஆக உயர்த்தியும் இருந்தார்கள். ஆனால் போலீசில் புகார் கொடுப்பது யார்? விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த நிலத்தின் நெல்லைச் சாப்பிடுகிறவர்கள், அல்லது அந்த ஊழியத்தால் உற்சவம் நடத்துகிறவர்கள். பதினெட்டு வயது வரை பொறுத்திருந்து பொட்டுக்கட்டினால் எந்தக் குற்றமும் இல்லை.

முத்துலட்சுமி 1927 நவம்பரில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் என்பது சாரம். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது சர்க்காருக்குச் சபை சொல்லும் யோசனை மட்டுமே. கட்டுப்படுத்தாது. கைதட்டி அனுப்பிவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம், வைத்தும்விட்டார்கள். அங்கேதான் அவர் யாரென்று தெரிகிறது. அடுத்த கட்டமாக "தடை செய்" என்று ஒரு மசோதாவை அவர் எழுதவில்லை. இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் எழுதினார். அந்த மானிய நிலங்களை ஊழியத்திலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். நிலம் அந்தப் பெண் பெயரிலேயே இருக்கட்டும். ஊழியத்துக்குப் பதிலாகக் கோயிலுக்கு ஒரு தொகையை அவள் வருடா வருடம் கட்டட்டும். இனிமேல் ஆடவில்லை, பாடவில்லை, பேத்திக்குப் பொட்டுக்கட்டவில்லை என்பதற்காக யாரும் நிலத்தைப் பிடுங்க முடியாது. 1929-ல் ஐந்தாவது சட்டமாக இது நிறைவேறியது.

இதன் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. மதத்தில் கை வைக்கிறாள் என்று கூச்சல் போடுபவர்களுக்கும் பிடி இல்லை, கோயில் வருமானம் குறையாததால் தர்மகர்த்தாவுக்கும் புகார் சொல்ல வாய்ப்பு கம்மி. அந்தப் பாட்டியின் கையில் அதுவரை இல்லாத ஒரு வசதி வந்தது: வேண்டாம் என்று சொல்லிவிட்டும் சாப்பிடலாம். தடைச் சட்டம் இதற்கு முன்னால் வந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் நிலத்தையும் இழந்து, குற்றவாளியாகவும் ஆகியிருக்கும். முதலில் நிலம், அப்புறம் தடை என்ற இந்த வரிசைதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய சட்டமன்ற வேலையிலேயே உச்சம். டாக்டர் புத்தி என்று சொல்லலாம், நோய் எங்கே உயிர்ப்புடன் இருக்கிறதோ அங்கே கை வைத்திருக்கிறார்.

1930 ஜனவரியையொட்டித்தான் தடை மசோதாவே வருகிறது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார் என்பது உண்மை. அதற்கு ஒரு பதிலடி கொடுத்ததாக ஒரு கதை நாடு முழுக்கச் சுற்றுகிறது: இத்தனை காலம் எங்கள் வீட்டுப் பெண்கள் செய்தார்கள், இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள் என்கிற மாதிரி. சிலர் இதை முத்துலட்சுமி வாயில் வைப்பார்கள், சிலர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் வாயில் வைப்பார்கள். அம்மையார் ஒருநாளும் சட்டசபை உறுப்பினராக இருந்ததில்லை, ஊர் ஊராக நடந்து பிரசாரம் செய்தவர். கைதட்டல் வாங்க நல்ல வசனம்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். வாயாடி ஜெயித்த கதையாக அது ஆகிவிட்டது. உண்மையில் நடந்தது வரைவு, திருத்தம், கமிட்டி, மனு, மறுபடி வரைவு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மசோதாவை எதிர்த்தவர்கள் பழமைவாத ஆண்கள் மட்டும் இல்லை. 1927-லேயே சென்னையில் தேவதாசிப் பெண்கள் சங்கமாகத் திரண்டு சர்க்காருக்கு மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்தப் பக்கம் நின்றார். அவர்கள் சொன்னது இதுதான்: எங்களையெல்லாம் விபசாரிகள் என்று ஒரே வரியில் எழுதுகிறீர்கள், எங்களிடம் சங்கீதமும் நாட்டியமும் படிப்பும் இருக்கிறது. மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை எங்களுக்கு இருக்கிறது, பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம், மகளுக்குச் சொத்து போகும். அதைப் பறித்துவிட்டு என்ன தரப்போகிறீர்கள்?

இந்த வாதத்துக்கு முத்துலட்சுமி சரியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பேச்சுகளில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவோ நோயைப் பரப்புகிறவர்களாகவோதான் வருவார்கள். தன்னிஷ்டப்படி பேசும் ஆளாக வருவது அபூர்வம். தேவதாசிகள் ஆடிவந்த சதிர் நடனத்தை மேடையேற்றக் கூடாது என்று 1932-ல் அவரும், ஆடியே தீர வேண்டும் என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரும் பத்திரிகையில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஆட்டம் பிழைத்தது, பரதநாட்டியம் என்ற பேரோடு வேறு வீடுகளுக்குக் குடிபோனது. அதை வளர்த்த குடும்பங்களில் பாலசரஸ்வதி மாதிரி ஒருசிலர்தான் மேடையில் மிஞ்சினார்கள். குலத்து ஆண்களுக்கு நட்டுவாங்கமும் நாதஸ்வரமும் மரியாதையோடு தொடர்ந்தன. பெண்களுக்கு அப்படி இல்லை. இந்த விலையை முத்துலட்சுமி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்ற அவருடைய அடிப்படை வாதம் இதனால் உடைந்துபோவதில்லை.

சபையில் மற்ற வேலைகளும் உண்டு. குழந்தை மணத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார், அகில இந்திய அளவில் சாரதா சட்டம் 1929-ல் வந்தது. விபசார விடுதிகளை ஒடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1930-ல் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்று விடாமல் கேட்டார். கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் கமிட்டியில் உறுப்பினராக நாடெங்கும் சுற்றினார். இதையெல்லாம் விரிவாக எழுதலாம், ஆனால் கேள்வி அதுவல்ல.

1930 மே மாதம் காந்தியைக் கைது செய்தார்கள். முத்துலட்சுமி பதவியைத் தூக்கிப்போட்டுவிட்டு வெளியே வந்தார். அதே உப்புச் சத்தியாக்கிரகத்தில் வேதாரண்யம் போய் ஜெயிலுக்குப் போனவர் ருக்மிணி லட்சுமிபதி. எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடு இன்றைக்கு அவர் பெயரில் இருக்கிறது. 1937-ல் அவர் சட்டமன்றத் துணை சபாநாயகர் ஆனார், 1946-ல் பிரகாசம் மந்திரிசபையில் சுகாதார மந்திரி ஆனார், மாகாணத்தின் முதல் பெண் மந்திரி. நியமனத்தில் வந்த ஒருவர் திறந்துவிட்ட கதவில் தேர்தலில் ஜெயித்த ஒருவர் நுழைந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ராஜினாமாவுக்குக் கொடுத்த விலை அந்தத் தடை மசோதா. உறுப்பினர் போய்விட்டால் தனிநபர் மசோதாவை நகர்த்த ஆள் ஏது? 1937-ல் காங்கிரஸ் ஆட்சி வந்தபோது பேச்சு மறுபடி எழுந்தது. 1939-ல் யுத்தம் வந்து மந்திரிசபை விலகியதும் அதுவும் நின்றது. கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1947-ல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவது குற்றம், பொட்டுக்கட்டப்பட்ட பெண் பிறகு செய்துகொள்ளும் கல்யாணம் செல்லும். முத்துலட்சுமிக்கு அப்போது வயது 61. பதினேழு வருடம் வெளியே இருந்துகொண்டு கடிதமும் கட்டுரையும் எழுதித் தள்ளியிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தைச் சட்டசபை வருடங்களின் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

நிலம் இருந்த குடும்பங்களுக்கு 1929 சட்டம் உதவியது. நிலமே இல்லாதவர்கள்? அந்தக் கேள்வி அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. இந்த வாழ்க்கை வேண்டாம் என்று மூன்று பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். சென்னையில் விடுதிகள் இருந்தன, ஆனால் குலம் தெரிந்ததும் சேர்க்க மறுத்தார்கள். அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930-களின் தொடக்கத்தில் அப்படி முளைத்ததுதான் அவ்வை இல்லம். பெசன்ட் அவென்யூ பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், பள்ளிக்கூடத்தோடு இன்றைக்கும் நடக்கிறது. ஆரம்பத்தில் குறிப்பிட்ட குலத்துப் பெண்களுக்கு என்று தொடங்கினாலும் பிறகு எந்த ஆதரவற்ற பெண் குழந்தைக்கும் கதவு திறந்தது.

புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இதே தடத்தில்தான் வருகிறது. 1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர். 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய பொதுவான மனநிலை. இந்திய மாதர் சங்கத்தை வைத்து நன்கொடை திரட்டி, 1952-ல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954-ல் 12 படுக்கையோடு அடையாறில் திறந்தார். இன்றும் போர்டில் கேன்சர் இன்ஸ்டிட்யூட் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று போட்டிருப்பது அந்தச் சங்கத்தின் பேர்தான். கோட்டைக்கு ஒரு பெண்ணை அனுப்பிய அதே சங்கம். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் பிறகு டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிதாக்கினார்கள். 1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள், 1968 ஜூலை 22-ல் காலமானார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?" என்று கர்ப்பிணிகள் ஒருவரையொருவர் கேட்பதை நீங்களும் கேட்டிருக்கலாம். 18,000 ரூபாய்த் திட்டம், தவணை தவணையாக வரும், சில சமயம் தாமதமாகும். திட்டத்துக்கு அவர் பெயர் பொருத்தம்தான், பிரசவம் பார்த்த டாக்டர் என்பதற்காக மட்டுமில்லை. கையில் நாலு காசு இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு முடிவெடுக்கும் தெம்பு வரும் என்பது 1929 சட்டத்தின் கணக்கும்கூட.

ஆக, கேள்விக்கு நேரான பதில்: நியமனத்தில் வந்தார், கொஞ்ச காலமே இருந்தார், பெரிய சட்டம் அவர் கையால் நிறைவேறவில்லை, மூன்றும் சரி. அந்தப் பெரிய சட்டம் வந்தபோது அது குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தாமல் போனதற்கு அவர் முன்கூட்டியே செய்த சின்னச் சட்டமும் ஒரு காரணம். நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எழும்பூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னைச் சட்டசபை நடவடிக்கைத் தொகுதிகளில் 1927 நவம்பரை முதலில் கேளுங்கள், அடுத்து 1929. யார் என்ன பேசினார், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதை நேராகவே படித்துக்கொள்ளலாம். அவரே தன் சட்டசபை அனுபவத்தை 1930-ல் இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதியிருக்கிறார். தொகுதிகளைப் படித்துவிட்டு அதற்கு வந்தால் அவர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்பதும் பிடிபடும்.